எழுவாய் யார்? மக்கள்தொகை உதவியின் சொல்லும் வரலாறும்



மொழிக்கென அமைந்த ஒரு பேரவையின் சொற்பொழிவு வரிசையில், மக்கள்தொகைக்கும் மகளிர் நலத்துக்கும் நாடுகள் வழங்கும் நிதியுதவி பேசுபொருளாவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். மருத்துவரும் பொருளியலாரும் பேசவேண்டிய செய்தி அன்றோ இது என்னும் வினா எழுவதும் இயல்பே. ஆயினும் இவ்வுதவியின் ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். எத்துணைப் பணம் வந்தது என்பதைக் காட்டிலும், அப்பணத்தோடு வந்தவர் ஒரு பெண்ணின் வாசலில் நின்று என்ன கேட்டார், எந்த மொழியில் கேட்டார், அவள் சொன்ன விடையை எங்கே எழுதிக்கொண்டார் என்பவையே பல இடங்களில் விளைவைத் தீர்மானித்திருக்கின்றன. ஆகவே இது மொழியாசிரியர்க்கும் உரிய பொருளே என்னும் துணிவோடு இங்கு நிற்கிறோம்.

நமக்குப் பழகிய ஒரு தொடரிலிருந்தே தொடங்குவோம். 'குடும்பக் கட்டுப்பாடு' என்பது தமிழகத்தில் அரைநூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிவரும் தொடர். மலாய் மொழியில் இதே செயலுக்கு 'பெரஞ்சாங் கெலுவார்கா' என்று பெயர். அதன் பொருள் குடும்பத்தைத் திட்டமிடுதல். வங்க மொழியில் வழங்கும் 'பரிபார் பரிகல்பனா' என்பதும் திட்டமிடுதலையே குறிக்கிறது. இலங்கைத் தமிழர் 'குடும்பத் திட்டமிடல்' என்பர். தமிழகத்து வழக்கில் மட்டும் திட்டத்தின் இடத்தில் கட்டுப்பாடு வந்து அமர்ந்துகொண்டது. திட்டமிடுபவர் யார் என்று கேட்டால் கணவனும் மனைவியும் என்று விடை வரும். கட்டுப்படுத்துபவர் யார் என்று கேட்டால் அரசு என்றே காதில் விழுகிறது. குழந்தை பெறுவதைப் 'பேறு' என்று சொல்லி, திருக்குறளின் ஓர் அதிகாரத்தையே 'மக்கட்பேறு' என்று வழங்கிய ஒரு மொழியில், அப்பேற்றை மட்டுப்படுத்தும் செயலுக்கு இத்துணைக் கடுமையான சொல் வாய்த்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நாளடைவில் அத்தொடர் இன்னும் சுருங்கிற்று. 'அவள் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள்' என்றால், கருத்தடை அறுவை செய்துகொண்டாள் என்பதே பொருள். மாத்திரையோ, உறையோ, கருத்தடை வளையமோ, பிள்ளைகளுக்கிடையே விடும் இடைவெளியோ அத்தொடரில் அடங்குவதில்லை. பல வழிகளைக் குறிக்கவேண்டிய ஒரு சொல் ஒரே வழியைக் குறிக்கும் சொல்லாயிற்று. இது மொழியின் குற்றமன்று. மக்கள் கண்டதைச் சொன்னார்கள். அவர்கள் கண்டது பெரும்பாலும் அறுவை முகாமையே.

இலக்கண ஆசிரியர்கள் நிறைந்த இவ்வவையில் இன்னொன்றையும் சுட்டலாம். 'செய்துகொண்டாள்' என்பதில் வரும் 'கொள்' என்னும் துணைவினை, செயலும் பயனும் அவளையே சார்ந்தவை என்று காட்டுகிறது. 'செய்துவிட்டார்கள்' என்றால் அதே அறுவை, அதே கத்தி, அதே தழும்பு. ஆனால் எழுவாய் மாறிவிட்டது. அவள் செயப்படுபொருளாகிவிட்டாள். மக்கள்தொகைக்கான பன்னாட்டு உதவி எப்போதெல்லாம் நன்மை செய்தது, எப்போதெல்லாம் தீமைக்குத் துணைநின்றது என்பதை அறிய, எழுவாய் யார் என்னும் இவ்வினாவைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குக் கிடைக்கவில்லை.

இவ்வியக்கத்தின் தொடக்கம் அரசுகளால் ஆனதன்று. 1952ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய மாநாட்டில் பன்னாட்டுக் குடும்பத் திட்டக் கூட்டமைப்பு உருவாயிற்று. அமெரிக்காவின் மார்கரெட் சாங்கரும் இந்தியாவின் தன்வந்தி ராமா ராவும் அதற்கு இணைத்தலைவர்களாயினர். அதை நிறுவிய எட்டு நாட்டுச் சங்கங்களுள் சிங்கப்பூர்ச் சங்கமும் ஒன்று என்பது நம்மில் பலர் அறியாதது. கான்ஸ்டன்ஸ் கோ முதலிய பெண்கள் முன்னின்று 1949இல் தொடங்கிய சங்கம் அது. போருக்குப் பிந்தைய வறுமையில், மேலும் ஒரு பிள்ளையைத் தாங்க இயலாத தாய்மார்களைக் கண்டு அவர்கள் தொடங்கிய பணியில் எழுவாய் தெளிவாகவே இருந்தாள். நாட்டின் மக்கள்தொகை என்னும் கணக்கு பின்னரே வந்து சேர்ந்தது.

ஓர் அரசு மற்றோர் அரசுக்கு இத்துறையில் உதவியது முதன்முதலாக 1958இல். கொடுத்தது சுவீடன், பெற்றது இலங்கை. அந்த முன்னோடித் திட்டத்திற்குத் தெரிவு செய்யப்பட்ட இடங்களுள் சிங்களர் வாழும் ஒரு சிற்றூர்ப் பகுதியும், மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதி ஒன்றும் இருந்தன. அத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். உலகில் அரசுகளுக்கிடையே நிகழ்ந்த முதல் குடும்பத்திட்ட உதவி தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் வாசலிலும் சென்று நின்றது என்பது தமிழர் வரலாற்று நூல்களில் இடம்பெறவேண்டிய செய்தி. பத்தாண்டுக்கு முன்னர்தான் அம்மக்களின் குடியுரிமையை இலங்கையின் சட்டம் பறித்திருந்தது. வாக்குரிமை இல்லாதாரிடம் கருத்தடை பற்றி வினவியவர்கள், வேறு எதைப் பற்றியும் அவர்களிடம் வினவும் அதிகாரம் பெற்றிருக்கவில்லை.

'உதவி' என்னும் சொல்லையும் சற்றே பிரித்துப் பார்க்கவேண்டும். நாளேடுகள் 'நிதியுதவி' என்று எழுதுவன எல்லாம் கொடையல்ல. சுவீடன் தந்தது கொடை. 1969இல் பணியைத் தொடங்கிய ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் தருவதும் கொடையே. உலக வங்கி தருவதோ கடன். 1970களில் மலேசியாவின் மக்கள்தொகைத் திட்டத்திற்கு அவ்விரண்டும் கலந்தே வந்தன. கடன் வாங்கிய அரசு திருப்பிச் செலுத்தும். ஆயினும் கடனோடு வரும் அறிவுரையைத் திருப்பி அனுப்ப இயலுவதில்லை.

அறிவுரை அழுத்தமாக மாறிய இடம் இந்தியா. 1965இலும் 1966இலும் இந்தியாவில் மழை பொய்த்து உணவுப் பஞ்சம் நெருங்கியபோது, அமெரிக்கத் தலைவர் லிண்டன் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் சிறுகச் சிறுக அனுப்பினார். வேளாண்மைக் கொள்கையில் மாற்றமும், மக்கள்தொகையைக் குறைப்பதில் ஊக்கமும் அவர் எதிர்பார்த்தவை. இதனாலேயே இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது என்று சொல்லுதல் பொருந்தாது. 1952இலேயே அது தேசியத் திட்டமாகிவிட்டது. கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை தரும் வழக்கத்தைச் சென்னை மாநிலம் 1950களிலேயே தொடங்கிவிட்டது. எனினும் உண்ண உணவு வேண்டி நின்ற ஒரு நாடு, எண்ணிக்கை காட்டினால்தான் மதிப்புண்டு என்று கற்றுக்கொண்ட காலம் அது.

அந்த எண்ணிக்கைக்கு 'இலக்கு' என்று பெயர். மாநிலத்துக்கு இலக்கு, மாவட்டத்துக்கு இலக்கு, ஆசிரியர்க்கும் இலக்கு. ஆம், ஆசிரியர்க்கும். நெருக்கடி நிலைக் காலத்தில் வட இந்தியாவின் பல பகுதிகளில் பள்ளியாசிரியர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆள்களை அறுவைக்கு அழைத்து வரவேண்டும் என்றும், தவறினால் சம்பளம் நிறுத்தப்படும் என்றும் ஆணைகள் பிறந்தன. 1976–77 என்னும் ஒரே நிதியாண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தன. முந்தைய ஆண்டைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு. அவ்வாண்டு அறுவைக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுள்ளும் ஏழைகளே மிகுதி.

இந்தக் கொடுமைக்கு வெளிநாட்டார் ஆணையிட்டனர் என்பதற்குச் சான்றில்லை. செய்தது இந்திய அரசே. ஆயினும் 1976 நவம்பரில், அறுவைகள் உச்சத்தில் இருந்தபோது, உலக வங்கியின் தலைவர் இராபர்ட் மெக்னமாரா இந்தியா வந்து அரசின் உறுதியைப் பாராட்டிச் சென்றார். கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமையும் ஒருவகைத் துணைபோதலே என்பது நம் கருத்து.

1977 தேர்தலில் அவ்வரசு வீழ்ந்தது. புதிய அரசு செய்த முதல் மாற்றங்களுள் ஒன்று பெயர்மாற்றம். 'குடும்பத் திட்டம்' என்பது 'குடும்ப நலம்' ஆயிற்று. பெயர் மாறியது, இலக்குகள் பெரிதும் மாறவில்லை. மாறியவர் வேறொருவர். ஆண்களின் சினத்தைக் கண்டு அஞ்சிய அரசியலார், அறுவையின் சுமையைப் பெண்கள் பக்கம் நகர்த்திவிட்டனர். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. 2014இல் சத்தீசுகரின் பிலாசுப்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், ஒரே நாளில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அங்கும் அடுத்த முகாம்களிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தனர். இரண்டாண்டு கழித்து, இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் கைவிடுமாறு இந்திய உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

மொழி அறிந்தோர் மறக்கலாகாத நிகழ்வு ஒன்று பெரு நாட்டில் நடந்தது. 1990களின் பிற்பகுதியில், அல்பெர்த்தோ பூகிமோரியின் ஆட்சியில், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் ஆண்டீசு மலைப்பகுதியில் வாழும் கெச்சுவா மொழி பேசும் ஏழைப் பெண்கள். எசுப்பானிய மொழியில் இருந்த ஒப்புதல் தாளில் என்ன எழுதியிருந்தது என்று பலர்க்குத் தெரியாது. கையொப்பம் உண்டு, கைந்நாட்டு உண்டு, ஒப்புதல் இல்லை. வறியோர்க்கான மகளிர் நலத் திட்டம் என்று உலக அரங்கில் அத்திட்டம் முதலில் வரவேற்கப்பட்டது. உண்மை வெளிப்பட்ட பின்னர், 1998இல், தன் நிதி பெறும் திட்டங்களில் அறுவைக்கு இலக்கோ ஊக்கத்தொகையோ வைத்தல் ஆகாது என்று அமெரிக்கா சட்டம் செய்தது. தாய்மொழியில் கேட்கப்படாத வினாவுக்குப் பெறும் ஒப்புதல் ஒப்புதலாகாது என்பதை மொழிப் பேரவைகளன்றி வேறு யார் உரக்கச் சொல்வார்?

இருண்ட பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றால் அது நேர்மையாகாது. உதவி மெய்யாகவே உதவியாக நின்ற இடமும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவின் தென்கிழக்கே, ஆறுகளும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் தாழ்நிலத்தில் மத்லப் என்னும் பகுதி உள்ளது. மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு படகில்தான் செல்லவேண்டும். வாந்திபேதி நோயை ஆராய 1960இல் டாக்காவில் ஓர் ஆய்வுகூடம் பன்னாட்டு நிதியால் அமைந்தது. அது 1960களிலிருந்தே மத்லப் சிற்றூர்களின் பிறப்பு, இறப்பு, மணம், இடப்பெயர்வு அனைத்தையும் விடாது பதிந்துவந்தது. எனவே அங்கு ஒரு புதுமுறையைச் செய்துபார்த்தால் அதன் விளைவைத் துல்லியமாக அளக்க இயலும்.

1970களில் அமெரிக்க உதவித் துறையின் மக்கள்தொகைப் பிரிவுக்கு ரைமர்ட் ரேவன்ஹோல்ட் தலைமை தாங்கினார். அவருடைய கொள்கை எளியது. மக்கள் கையில் மாத்திரை எட்டாமையே குறை, வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் பயன்பாடு தானே பெருகும் என்பது. 1975இல் மத்லப்பில் அவ்வாறே செய்தனர். ஊர் மருத்துவச்சியரான முதிய பெண்கள் வீடுதோறும் மாத்திரைப் பொதிகளையும் உறைகளையும் வழங்கினர். முதற் சில மாதங்களில் பயன்பாடு ஏறியது. பின்னர் சரியத் தொடங்கிற்று. காரணம் என்ன? மாத்திரை உண்ட பெண்ணுக்குத் தலைசுற்றியது, உதிரப்போக்கில் மாறுதல் தோன்றியது. அவள் யாரிடம் கேட்பாள்? கொடுத்துவிட்டுப் போனவர்க்கு விடை தெரியாது. பொதி வீட்டில் கிடந்தது, பெண் அதைத் தொடவில்லை. கிடங்கின் கணக்கில் மட்டும் அது 'வழங்கப்பட்டது' என்று நின்றது.

1977இல் அவர்கள் முறையையே மாற்றினர். அதே ஊர்களில் வாழும், படித்த, மணமான, தாமே கருத்தடை முறையைப் பின்பற்றும் இளம்பெண்கள் 80 பேரைப் பணியமர்த்தினர். ஒவ்வொருவர்க்கும் ஏறத்தாழ 200 வீட்டுப் பெண்கள் பொறுப்பு. இரு வாரங்களுக்கு ஒருமுறை வாசலுக்குச் சென்று அமர்ந்து பேசவேண்டும். ஒரே முறையைத் திணிக்காமல் மாத்திரை, ஊசி, உறை, வளையம் எனப் பலவற்றை விளக்கவேண்டும். ஒன்று ஒத்துக்கொள்ளாவிடில் மற்றொன்று. உடல்நலக் குறைவு மிகுந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஏற்பாடும் உண்டு. ஒன்றரை ஆண்டுக்குள் கருத்தடை முறைகளைப் பின்பற்றுவோர் பத்தில் ஒருவர்க்கும் குறைவு என்ற நிலையிலிருந்து மூவரில் ஒருவர் என்னும் அளவை நெருங்கினர். வழக்கமான அரசுச் சேவை மட்டுமே கிடைத்த அண்டைப் பகுதியில் அத்தகைய ஏற்றம் நிகழவில்லை. நிலம் ஒன்று, சமயம் ஒன்று, வறுமையும் ஒன்று. இருவாரத்துக்கு ஒருமுறை வந்து கேட்ட அந்தப் பெண்ணே வேறுபாடு.

கல்வியும் செல்வமும் வளர்ந்தால்தான் பிறப்பு குறையும் என்று 1974 புக்காரெசுட்டு மாநாட்டில் வளரும் நாடுகள் பல வாதிட்டன. அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் வறுமை நீங்கும்வரை ஒரு தாய் காத்திருக்கவேண்டியதில்லை என்பதை மத்லப் காட்டியது. பின்னாளில் வங்கதேச அரசு இம்முறையைத் தழுவி, உலக வங்கியும் பிற கொடையாளரும் தந்த நிதித்துணையோடு நாடு முழுவதும் 20,000க்கும் மேற்பட்ட பெண் பணியாளர்களை அமர்த்தியது. 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைக்கும் மேல் என்றிருந்த சராசரி, 2011 அளவில் இரண்டேகால் அளவுக்கு வந்தது.

வாசலுக்கே சென்று கொடுத்ததால் பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் வழக்கம் நீடித்தது என்று குறைகூறிய ஆய்வாளர்களும் உண்டு. அக்குறையைத் தள்ளிவிட இயலாது. ஆனால் முக்காட்டோடு, குடைபிடித்து, பதிவேட்டைச் சுமந்து, வரப்பில் தனியே நடந்து சென்ற அந்தப் பணியாளரை ஊர்ச் சிறுமியர் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. சம்பளம் பெறும் ஒரு பெண்ணை அவர்களுள் பலர் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

இடையே ஒரு சுவையான செய்தி. வங்கதேசத்தில் மலிவு விலையில் விற்கப்பட்ட உறைக்கு 'ராஜா' என்றும், மாத்திரைக்கு 'மாயா' என்றும் பெயரிட்டனர். வங்கமொழியில் 'மாயா' என்றால் பரிவு, பாசம். தமிழர் காதில் அது பொய்த்தோற்றமாக ஒலித்திருக்கும். இந்தியாவிலோ உறைக்குத் 'தடுப்பு' என்று பொருள்படும் 'நிரோத்' என்னும் சமற்கிருதப் பெயர். இருநாட்டுக் கொள்கைகளின் குணத்தை இப்பெயர்களிலேயே காணலாம் என்றால் அது மிகைதான். ஆயினும் முற்றிலும் பொய்யன்று. 'ராஜா' நன்கு விற்றது, 'மாயா' அவ்வளவாக விற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மத்லப்பில் ஒரு சிறு நிலப்பரப்பில் தெரிந்த உண்மை, உலகின் பொதுக்கொள்கையாக ஏட்டிலேறியது 1994 செப்டம்பரில், கெய்ரோவில். பாக்கித்தானைச் சேர்ந்த மருத்துவர் நபீசு சாதிக் அம்மாநாட்டின் பொதுச்செயலாளர். 179 நாடுகள் ஏற்ற செயல்திட்டத்தில், மக்கள்தொகை எண்ணிக்கையை மையமாகக் கொண்ட பழைய நடை விலகி, பெண்ணின் உடல்நலமும் உரிமையும் முன்னே வந்தன. பாதுகாப்பான மகப்பேறு, பால்வினை நோய்த் தடுப்பு, மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சை, வளரிளம் பருவத்தாரின் கல்வி ஆகிய அனைத்தும் ஒரே குடையின்கீழ்க் கொணரப்பட்டன. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைத் தம்பதியரும் தனியாளும் தாமே முடிவு செய்வர் என்னும் கொள்கை நிலைபெற்றது. இலக்கணப்படி சொன்னால், செயப்படுபொருள் எழுவாயாயிற்று.

அக்குடைக்குத் தமிழில் இட்ட பெயரில்தான் நமக்கு மனக்குறை உண்டு. 'இனப்பெருக்க நலம்' என்று மொழிபெயர்த்தனர். 'இனப்பெருக்கம்' என்பது நம் மாணவர்கள் அறிவியல் பாடத்தில் தவளைக்கும் பெரணிக்கும் படிக்கும் சொல். மேலும், நம் நாடுகளில் 'இனம்' என்றவுடன் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்னும் பகுப்பே நினைவுக்கு வரும். 'இனப்பெருக்க நலம்' என்றால் நம் இனத்தைப் பெருக்கும் திட்டமோ என்று ஒரு முதியவர் கேட்டால் அவரைக் குறைகூற முடியாது. 'மகப்பேற்று நலம்' இனிய தொடர். ஆனால் பிள்ளை வேண்டாதவர்க்கும், பிள்ளைப்பருவம் கடந்தவர்க்கும் அதில் இடமில்லை. 'கருவள நலம்' என்று ஆள்வோரும் உளர். நம் மனம் அதன் பக்கமே சாய்கிறது. ஆண், பெண் இருவர்க்கும் பொருந்துவது, பெறுதலையும் பெறாமையையும் தாங்குவது அது. இதில் மாறுபடும் ஆசிரியர்கள் தம் சொல்லை முன்வைக்கட்டும்.

நம் இரு நாடுகளும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. சிங்கப்பூர் 1966இல் குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியத்தை அமைத்தது. 1972 முதல் பெண்ணோ ஆணோ இரண்டு போதும் என்று பொருள்படும் சுவரொட்டிகள் நான்கு மொழிகளிலும் தோன்றின. பதினைந்தே ஆண்டுகளில், 1987இல், இயன்றவர் மூன்றோ அதற்கு மேலோ பெறுக என்று கொள்கை திரும்பிற்று. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை. மலேசியாவும் 1966இல் தேசியக் குடும்பத் திட்ட வாரியச் சட்டம் இயற்றியது. 1984இல் ஏழு கோடி மக்கள் என்னும் நெடுங்கால நோக்கு அறிவிக்கப்பட்டது. நிறுத்துங்கள் என்றபோதும் பெறுங்கள் என்றபோதும் ஏவல் வினைமுற்று ஒன்றே. அதன் எதிரே நின்றவள் அதே பெண்.

கெய்ரோவின் சொல்லுக்கு ஈடாகப் பணம் வந்ததா? 2000ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 1,700 கோடி டாலர் வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கைச் செல்வ நாடுகள் தரவேண்டும் என்பது கெய்ரோவில் போட்ட கணக்கு. செல்வ நாடுகள் தம் பங்கை அக்காலத்துக்குள் நிறைவேற்றவில்லை. பின்னர் எயிட்சு நோய்க்கெனப் பெருநிதி வந்தபோது மொத்தத் தொகை உயர்ந்தது. ஆனால் 1995இல் மக்கள்தொகை உதவியில் பாதிக்கும் மேலிருந்த குடும்பத் திட்டத்தின் பங்கு, அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2012இல் இலண்டனில் கூடிய மாநாடு, 2020க்குள் மேலும் 12 கோடிப் பெண்களுக்குக் கருத்தடை வசதி என்று ஓர் எண்ணை அறிவித்தது. அதில் ஏறத்தாழ பாதியே கைகூடிற்று. இலக்கு மீண்டும் வந்துவிட்டதே என்று கவலை கொண்ட மகளிர் அமைப்புகளும் இருந்தன. அக்கவலையில் நியாயம் இல்லாமலில்லை.

இதற்கிடையே ஒரு வாய்ப்பூட்டும் இருந்தது. கருக்கலைப்புச் சேவை தரும், அது குறித்து அறிவுரை கூறும், அல்லது சட்டமாற்றம் கோரும் வெளிநாட்டுத் தொண்டமைப்புகட்கு அமெரிக்கக் குடும்பத்திட்ட நிதி இல்லை என்னும் விதி 1984இல் வந்தது. அதன்பின் கட்சி மாறுந்தோறும் நீக்குவதும் மீட்பதுமாக 1993, 2001, 2009, 2017, 2021, 2025 என ஊசலாடிவருகிறது. கருக்கலைப்பு அறமா அன்றா என்பதில் இவ்வவையிலேயே பல கருத்துகள் இருக்கும். அவற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் பேச்சையே விலக்கிய ஒரு விதியின் விளைவை நேபாளத்தில் காணலாம். கருக்கலைத்த குற்றத்துக்காகப் பெண்கள் சிறையில் வாடிய நாடு அது. அந்நாட்டுக் குடும்பத்திட்டச் சங்கம் 2001இல் அவ்விதியை ஏற்க மறுத்து நிதியை இழந்தது. அடுத்த ஆண்டே நேபாளம் சட்டத்தை மாற்றியது. சங்கத்தின் பேச்சுக்குப் பயன் கிட்டியது. அதன் மருந்தகங்களுக்கோ கதவடைப்பும் ஆட்குறைப்பும் நேர்ந்தன.

2025இல் நடந்தவை நாம் அனைவரும் செய்தியில் படித்தவை. குடும்பத்திட்டத்துக்கு அரசுகள் நேரடியாகத் தந்துவந்த கொடையில் ஐந்தில் இரு பங்கை அமெரிக்கா வழங்கிவந்தது. அதை நடத்திய உதவித் துறை அவ்வாண்டு சூலை முதல் நாளோடு தனித்துறையாக இயங்குவதை நிறுத்தியது. பெல்சியத்தின் கிடங்கொன்றில் ஏறத்தாழ 97 இலட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைப் பொருள்கள் தேங்கின. அவற்றை அழிக்க முடிவு செய்திருப்பதை அமெரிக்க அரசு உறுதிப்படுத்தியது. உலக நலவாழ்வு அமைப்பின் கணிப்புப்படி 2023இல் நாள்தோறும் 700க்கும் மேற்பட்ட தாய்மார்கள் கருவுற்ற காரணத்தாலோ பிள்ளைப்பேற்றிலோ உயிரிழந்தனர் என்பதை அக்கிடங்கின் அருகே வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நின்றது. அதைப் பற்றி நாளேடுகள் குறைவாகவே எழுதின. 1984 முதல் அமெரிக்க நிதியில், 90 நாடுகளில், வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டுவந்த மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்பு அது. இந்தியாவின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வினாத்தாளில் பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, குடிநீர் எனப் பல பகுதிகள் உண்டு. நடுவே பெண்ணை நோக்கிய ஒரு வினாவும் வரும். இன்னொரு பிள்ளை பெற விரும்புகிறீர்களா, இனி வேண்டாம் என்று கருதுகிறீர்களா? விரும்பினால் எவ்வளவு காலம் கழித்து? அந்த விடைகளிலிருந்தே, பிள்ளையைத் தள்ளிப்போட விரும்பியும் வழியற்று இருக்கும் பெண்கள் உலகில் 20 கோடிக்கும் மேல் என்னும் கணக்கு பிறந்தது. அவ்வினா தமிழிலும் வங்கத்திலும் சுவாகிலியிலும் நூற்றுக்கணக்கான பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, பயிற்சி பெற்ற பெண்களால், வேறு எவரும் அருகில் இல்லாத தனிமையில் கேட்கப்பட்டது. மாமியார் கேளாத, கணவன் கேளாத, அரசு கேளாத வினாவை அவள் தன் வாழ்நாளில் முதன்முதல் கேட்டது அப்போதாகவும் இருந்திருக்கலாம். பல நாடுகளில் பாதியில் நின்ற கணக்கெடுப்புகளுள் சிலவற்றை, வேறு கொடையாளர் நிதியால் முடிக்க ஏற்பாடாயிற்று. எஞ்சிய நாடுகளில் கணக்கெடுப்பு அவ்வாண்டு நின்றது. அவ்வினாவைக் கேட்க ஆளில்லாமற் போயிற்று.